பழைய மாடல் இன்ஜினுக்கு டிஜிட்டலும் சத்தமும்: மலை வீட்டுக்கு எந்த வழி கட்டுபடியாகும்?

பரணிலிருந்து இறக்கிய ட்ரையாங் அல்லது ஹார்ன்பி மாடல் ரயில் இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த சவுண்டு டிகோடர் (இன்ஜினுக்குள் உட்கார்ந்து, டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சிறு மின்பலகை) வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன் இன்ஜினிடம் இரண்டு விஷயம் கேட்டாக வேண்டும். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? அதன் இரண்டு பிரஷ்ஷும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) உலோகச் சட்டகத்தைத் தொடாமல் தனித்து நிற்கின்றனவா? இவை தெரிந்துவிட்டால் சந்தையில் இருக்கும் வழிகளில் பாதி தாமாகவே கழன்றுவிடும்.

மொத்தம் ஐந்து வழிகள். ஒன்று, இன்ஜினைத் தொடாமல் பழைய டிசியிலேயே ஓட்டிவிட்டுச் சத்தத்தை மேசைக்கு அடியில் வைப்பது. இரண்டு, டிசிசிக்கான (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) சத்தமில்லாத சாதா டிகோடர். மூன்று, சவுண்டு டிகோடர். நான்கு, போனிலிருந்து நேராக இயக்கும் புளூடூத் சவுண்டு டிகோடர். ஐந்து, தண்டவாளத்தில் மின்சாரமே இல்லாமல் பாட்டரியும் ரேடியோவும். எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான்.

மல்டிமீட்டர் சொல்வதைக் கேளுங்கள்

இன்ஜினைத் திறந்து பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுங்கள். நாற்பது ஐம்பது வருஷத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஊட்டிக் குளிரில் அது இன்னும் கெட்டி. அதோடு அளந்தால் கணக்கு தப்பும். பல்சக்கரங்களில் பிளாஸ்டிக்கைத் தின்னாத இலகுவான கிரீஸ் ஒரு பொட்டு, தாங்கிகளில் ஊசி முனையால் ஒரு துளி எண்ணெய். கம்யூட்டேட்டரில் (பிரஷ்கள் உரசும் செம்பு வளையம்) எண்ணெய் படவே கூடாது. அதன் பிளவுகளில் சேர்ந்த கரியைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் கால் மணி நேரம் வீதம் ஓடவிடுங்கள்.

நீலகிரித் தைலம் கைவசம் இருக்கிறதே என்று அதைக் கொண்டு கிரீஸைக் கழுவ வேண்டாம். பசையை இளக்கும் அதே குணம், பாலிஸ்டைரீன் உடலையும் பெயின்டையும் இளக்கக்கூடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். அதையும் பழைய பெயின்டின் மறைவான மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இப்போது சீரான 12 வோல்ட் டிசி கொடுத்து, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாகத் தொடரிணைப்பில் இரண்டு அளவு எடுக்க வேண்டும். இன்ஜினைக் கையால் பிடித்து, சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழலும்போது வருவது முதல் அளவு. அடுத்து சக்கரத்தை ஒரு விநாடி முழுக்க நிறுத்திப் பிடிக்கும்போது வருவது. இரண்டாவதுதான் டிகோடரின் தலையெழுத்து. எச்ஓ அளவு (16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் மாடல்) டிகோடர்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 ஆம்பியர் வரை தாங்கும். அதைவிடச் சிறிய 'என்' (N) அளவு மாடலுக்கான குட்டி டிகோடர்கள் முக்கால் ஆம்பியரோடு நின்றுவிடும். நிறுத்திப் பிடித்தபோது 0.8 வந்தால் நிம்மதி. 1.2 வந்தால் டிகோடரின் உச்ச வரம்பைப் பார்த்து வாங்க வேண்டும். 2 ஆம்பியரைத் தொட்டால் அந்த மோட்டாரோடு எந்தச் சிறு டிகோடருக்கும் ஒத்துவராது.

இரண்டு அளவையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் நோயும் பிடிபடும். நிறுத்திப் பிடிக்கும்போது சாதாரணமாக இருந்து, ஓடும்போது அதிகம் இழுத்து மோட்டார் சுட்டால் காந்தம் பலம் இழந்திருக்கிறது. ட்ரையாங் எக்ஸ்04 மோட்டாரின் அல்நிகோ காந்தம் இதற்குப் பேர்போனது. ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் சுருள் பகுதி) வெளியே எடுத்துவிட்டுக் காந்தத்தை வெறுமனே மேசையில் வைத்தாலே பலம் குறைந்துவிடும். கழற்றும்போது துருவங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டை உடனே ஒட்டிவைக்க வேண்டும். அதே அளவில் நியோடைமியம் காந்தம் மாற்றினால் கரண்ட் இறங்கும், இழுவை கூடும், தறிகெட்ட உச்ச வேகம் தணியும்.

ஓட்டத்தில் திக்கினால் கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளுக்கிடையே ஜோடி ஜோடியாக ஓம் அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் தாழ்ந்து நின்றால் அந்தச் சுருள் உள்ளுக்குள் கருகிவிட்டது. அதன் மேல் டிகோடர் காசைப் போடாதீர்கள்.

டிகோடர் எரியும் இடம்

டிசியில் தண்டவாளத்தின் வோல்டேஜ்தான் வேகம். டிசிசியில் தண்டவாளம் எப்போதும் முழு வோல்டேஜில் நிற்கும். கட்டளை அந்த மின் அலைக்குள்ளேயே போகும். டிகோடர் அதைப் படித்து மோட்டாருக்கு வேண்டியதைத் தனியாகக் கொடுக்கும். ஆகவே மோட்டாரின் ஏதாவது ஒரு முனை தண்டவாளத்தை எந்த வழியிலாவது தொட்டிருந்தால், முதல் முறை மின்சாரம் கொடுத்த கணத்திலேயே டிகோடரின் வெளியீட்டுப் பகுதி போய்விடும். உத்தரவாதமும் பேசாது.

எக்ஸ்04 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பிரஷ்களை அழுத்தும் கம்பி ஸ்பிரிங்குக்கு இரண்டு கை. ஒரு கையில் மட்டும் சிறு காப்புக் குழாய் மாட்டியிருக்கும். மற்றக் கை வெறும் உலோகம், அதன் வழியாக அந்த பிரஷ் சட்டகத்தோடு பேசிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்கும் ஒரு துண்டுக் காப்புக் குழாய் மாட்டி, அங்கிருந்து தனிக் கம்பி எடுத்துவிட்டால் மோட்டார் தனித்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதற்குள் ஸ்பிரிங் ஒரு தடவையாவது தெறித்து ஓடும் என்பதால் வெள்ளை வேட்டியோ துண்டோ விரித்து அதன் மேல் செய்வது நல்லது.

ஹார்ன்பி ரிங்ஃபீல்டு, லிமாவின் தட்டை மோட்டார் ஆகியவற்றில் ஒரு பிரஷ் தாங்கியிலிருந்து சட்டகத்துக்குப் போகும் உலோகத் தொடர்பைத் தேடிப் பிரிக்க வேண்டும். அது மாடலுக்கு மாடல் இடம் மாறும். ஏதெர்ன் நிறுவனம் நீலப் பெட்டியில் விற்ற பழைய இன்ஜின்களில் மோட்டாரின் அடிப்பக்கக் கிளிப் நேராகச் சட்டகத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் முனைகளை மடக்கிவிட்டு, அடியில் கேப்டன் (Kapton) எனும் மின்காப்பு டேப் ஒட்டி, அந்தக் கிளிப்பிலிருந்து கம்பி எடுக்க வேண்டும்.

எதுவானாலும் மல்டிமீட்டர்தான் சாட்சி. ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே அளந்து, நான்கு அளவிலும் தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். உடலை மூடிய பிறகு மறுபடி ஒரு முறை. ஈய எடை மோட்டாரைத் தொடுவது மூடிய பிறகுதான் நடக்கும்.

ரேடியோ இரைச்சலைத் தடுக்கப் பழைய மோட்டாரில் வைத்த கெப்பாசிட்டர்களை வெட்டி எடுத்துவிடுங்கள். டிகோடர் மோட்டாரின் வேகத்தை அதன் எதிர்மின்னழுத்தத்தை (சுழலும்போது மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜ்) வைத்தே கணிக்கிறது. கெப்பாசிட்டர் நடுவே நின்றால் அந்தக் கணிப்பு குழம்பி, இன்ஜின் குதித்துக் குதித்து ஓடும். விளக்குகளிலும் ஒரு கண் இருக்கட்டும். பழைய பல்பின் ஒரு கால் சட்டகத்தில் இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். டிசிசியில் பல்பு எப்போதும் முழு வோல்டேஜில் எரிவதால் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு எல்இடி மாற்றிவிடுவதே மேல்.

கம்பி நிறங்கள் அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்தபடி: வலது தண்டவாளம் சிவப்பு, இடது கறுப்பு, மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும், முன்விளக்கு வெள்ளை, பின்விளக்கு மஞ்சள், பொது நேர்முனை நீலம். டிகோடரை நேராகச் செருகும் எட்டுப் பின், 21எம்டிசி, நெக்ஸ்ட்18 சாக்கெட்டுகள் எல்லாம் பிற்கால மாடல்களின் சௌகரியம். பழையதில் நேராகச் சால்டர் வைக்க வேண்டியதுதான். ஜனவரியில் வறண்ட உறைபனி நாட்களில் கம்பளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்து டிகோடரைத் தொடாதீர்கள். நிலைமின்சாரம் ஒரு பொறி விட்டால் போதும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டிசியிலேயே விட்டுவிடுவது

இதைக் கடைசிப் புகலிடமாகப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டியும் காகிதமும் கலையாத சேகரிப்பு மாடல் என்றால், வெட்டிச் சால்டர் வைத்த கணத்தில் அதன் மதிப்பு இறங்கும். நிறுத்திப் பிடிக்கும்போது 2 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கும் இதுவே சரி. மேசைக்கு அடியில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய போனில் நீராவிச் சத்தம். தூரத்து ரயிலுக்கு அது போதும். நிலையத்தில் நிற்கும் இன்ஜினுக்குப் போதாது, ஏனென்றால் காது சட்டென்று இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு இன்ஜினையும் தனி முகவரி எண்ணால் அழைக்கும் டிசிசி கருவிகளில் சில, முகவரி 0 என்ற பெயரில் இதை அனுமதிக்கும். மோட்டார் நின்ற இடத்தில் ரீங்கரித்துச் சூடேறும். கோர்லெஸ் மோட்டாராக இருந்தால் நிமிஷங்களில் எரிந்துவிடும்.

சாதா டிகோடரா, சவுண்டு டிகோடரா

வெளிநாட்டு விலையில் நல்ல சாதா டிகோடர் சுமார் 25 முதல் 40 யூரோ, சவுண்டு டிகோடர் 100 யூரோவை ஒட்டியும் மேலேயும். கூரியரும் சுங்கமும் தனி. நான்கு இன்ஜின் வைத்திருப்பவர் நான்குக்கும் சவுண்டு போடுவது வீண் என்பதே எங்கள் கருத்து. ஒரு சிறு அறையில் நான்கு இன்ஜின் சேர்ந்து கத்தினால் சந்தைக்கடைதான். ஒன்றிரண்டுக்குச் சவுண்டு, மற்றவற்றுக்குச் சாதா. சவுண்டு போட வேண்டிய இன்ஜின் எது? அழகானது எது என்று பார்க்காமல், மெதுவாக நன்றாக ஓடுவது எது என்று பாருங்கள். சாதா டிகோடரில் மின்சாரம் அரை விநாடி விட்டுப்போனால் இன்ஜின் லேசாகத் தடுமாறும், அவ்வளவே. சவுண்டு டிகோடரில் அதே விடுபடலுக்குச் சத்தம் அறுந்து, ஸ்டார்ட் ஆகும் ஒலி முதலிலிருந்து ஓடும். அழுக்குச் சக்கரம் இங்கே காதால் கேட்கும் குறையாகிவிடுகிறது.

பழைய இன்ஜின்களில் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் குறைவு. டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) மோட்டார் இருக்கும் மாடல்களில் ஒரு தண்டவாளம் இன்ஜின் வழியாகவும் மற்றது டெண்டர் வழியாகவும் வரும், நடுவில் இணைப்புக் கம்பியின் உராய்வுதான் தொடர்பு. அங்கே மெல்லிய நெளிவான கம்பி இரண்டு ஓட்டிவிடுங்கள். மற்றச் சக்கரங்களுக்கு 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை ஒரு சிறு பிசிபி துண்டில் சால்டர் வைத்து, சக்கரத்தின் உள்விளிம்பை மெல்லத் தடவும்படி வளைத்துவிடலாம். ரப்பர் பட்டை போட்ட சக்கரம் மின்சாரம் எடுக்காது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் மின்சாரம் விட்டுப்போகும் கணத்தைத் தாங்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர். தண்டவாளத்தில் 15 வோல்ட் இருந்தால் 25 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் வேண்டும். டிகோடரின் நீலக் கம்பிக்கும் அதன் கிரவுண்டுக்கும் நடுவே, சார்ஜ் ஆகும் பாதையில் 100 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக வெளியே விடும் திசையில் 1என்4007 டயோடு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக வைத்தால் சுவிட்ச் போட்டவுடன் வெற்றுக் கெப்பாசிட்டர் ஒட்டுமொத்தமாக இழுக்கும், கருவி அதை ஷார்ட் என்று நினைத்துக் கட்டாகிவிடும். இந்தக் கெப்பாசிட்டரோடு புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்பை எழுதும் தனித் துண்டு) சிவி (டிகோடருக்குள் சேமித்த அமைப்பு எண்) படிக்க முயன்றால் பல நேரம் பிழைதான் வரும். முகவரியை முதலில் எழுதிவிட்டுக் கெப்பாசிட்டரைப் பிறகு இணைக்கலாம், அல்லது பிரதான தண்டவாளத்திலேயே எழுதலாம்.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டிகோடரைக் குறை சொல்வார்கள், குற்றவாளி ஸ்பீக்கரின் பெட்டியாக இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு, தகர டப்பாவில் கொசு புகுந்த சத்தம்தான் மிஞ்சும். பின்பக்கத்தைக் காற்று புகாமல் ஒரு பெட்டியால் மூட வேண்டும். 11க்கு 15 மி.மீ. சர்க்கரைக் கட்டி ஸ்பீக்கர் பெரும்பாலான பாய்லர்களுக்குள் அடங்கும். பெட்டியை 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் செய்து, மூலைகளையும் கம்பி வெளிவரும் துளையையும் பசையால் அடையுங்கள். சோதிக்க எளிய வழி: ஓடும்போது பெட்டியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், மாட்டும்போது ஒலி சட்டெனத் தடித்தால் அடைப்பு சரி. ஓம் கணக்கையும் பாருங்கள். 8 ஓம் கேட்கும் டிகோடருக்கு 4 ஓம் கொடுத்தால் ஒலிப்பகுதி சுடும். ஒலியளவு இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்டு டிகோடரில் சிவி 63, ஜிமோ நிறுவன டிகோடரில் சிவி 266. தொழிற்சாலை அளவில் பாதிக்குக் கீழே வைத்தால்தான் வீட்டில் உள்ளவர்கள் ரயிலை மேசையில் விட்டுவைப்பார்கள்.

நம் மலை ரயிலின் சத்தம் எங்கே கிடைக்கும்?

நீலகிரியில் இருப்பவர் சவுண்டு டிகோடர் போட்டால் மனசு குன்னூர் ரயிலைத்தான் தேடும். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கும் நீராவி ஒலிக்கோப்பு எதுவும் அப்படியே பொருந்தாது.

சாதாரண இரட்டைச் சிலிண்டர் இன்ஜின், சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'சக்' என்னும். ஒலிக்கோப்புகள் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. மேட்டுப்பாளையம் எக்ஸ் வகுப்பு இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் எஸ்எல்எம் நிறுவனம் கட்டிய குடும்பம் அது. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிதாகக் கட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சக்கரத்தை இயக்கும். அங்கே வழக்கமான நான்கு 'சக்' பொருந்தும். கல்லாரில் பல்சட்டத்தில் (தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்கள் கொண்ட சட்டம்) ஏறி 1க்கு 12 ஏற்றம் தொடங்கியதும் கீழே வேலை செய்த ஆவி மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அந்தப் பல்சக்கரம் கியர் வழியாகச் சுற்றப்படுவதால் மேல் பிஸ்டன்கள் சக்கரத்தைவிட வேகமாகத் துடிக்கும். புகைபோக்கியில் கேட்பது அவற்றின் துடிப்பு. ரயில் மாட்டு வண்டி வேகத்தில் ஏறும்போதும் சத்தம் மட்டும் அவசர அவசரமாக வருவது இதனால்தான். ஹில்குரோ நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், வண்டி எங்கோ பறக்கிறது என்றே தோன்றும்.

மாடலில் இதைக் கொண்டுவர, லோக்சவுண்டில் சிவி 57, 58 இரண்டும் சக்கரத்துக்கும் 'சக்'குக்கும் உள்ள விகிதத்தை ஆளும். ஜிமோவில் சிவி 267. நான்குக்குப் பதில் ஏறக்குறைய இரட்டிப்பாக வரும்வரை சிவியை ஒவ்வொரு படியாக மாற்றி, மிக மெதுவான வேகத்தில் காதால் சரிபாருங்கள். எப்போதும் பல்சட்ட ஏற்றத்திலேயே ஓடும் மாடலுக்கு இது போதும். இன்ஜின் ரயிலின் கீழ்முனையிலிருந்து தள்ளிக்கொண்டு போவதால் ஸ்பீக்கரை இன்ஜினில்தான் வைக்க வேண்டும். இடம் இல்லை என்று பெட்டியில் வைத்தால் காட்சியும் காதும் ஒத்துப்போகாது.

குன்னூர் தாண்டி ஊட்டி வரை இழுக்கும் ஒய்டிஎம்4 டீசலுக்கு வேறு சிக்கல். அதன் ஆல்கோ 251 எஞ்சின் வரிசையாக ஆறு சிலிண்டர். ஆல்கோ 251 என்ற பெயரில் கிடைக்கும் ஒலிக்கோப்புகளில் பல, 12 அல்லது 16 சிலிண்டர் வி வடிவ எஞ்சினுடையவை. அவை அகலப்பாதை டபிள்யூடிஎம்2 மாடலுக்கு அம்சமாகப் பொருந்தும், ஏனென்றால் அது 16 சிலிண்டர். ஒய்டிஎம்4க்கு அதே கோப்பைப் போட்டால் குதிரை உடம்பில் யானைக் குரல். வாங்கும் முன் கோப்பின் விவரத்தில் சிலிண்டர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

புளூடூத்

சவுண்ட்ராக்ஸின் புளுனாமி, ஹார்ன்பியின் எச்எம்7000 போன்றவை கணக்கையே மாற்றிவிட்டன. கமாண்ட் ஸ்டேஷன் (தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் டிசிசி கருவி) வேண்டாம். தண்டவாளத்தில் நிலையான வோல்டேஜ் கொடுத்து, போன் செயலியிலிருந்து இன்ஜினிடம் நேராகப் பேசலாம். நாளைக்கு டிசிசி வாங்கினால் அதிலும் இதே டிகோடர் ஓடும். ஒன்றிரண்டு இன்ஜின் மட்டுமே வைத்திருப்பவருக்கு, மோட்டார் 1 ஆம்பியருக்குள் இருந்தால், நாங்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

பழைய இன்ஜினில் இது சறுக்கும் இடங்கள் இரண்டு. வார்ப்பு உலோக உடல், பித்தளை உடல் எல்லாம் ரேடியோ அலைக்குச் சுவர். டிகோடரின் ஆன்டெனாப் பகுதியை ஜன்னல் பக்கமாகவோ பிளாஸ்டிக் கூரைக்கு அடியிலோ வைக்க வேண்டும், ஈய எடையில் ஒட்டவே கூடாது. இரண்டாவது, பழைய டிசி கன்ட்ரோலரை முழுக்கத் திருகி வைத்து ஓட்டுவது. அதில் சில, அரை அலையாகவும் துடிப்பாகவும் மின்சாரம் விடும். டிகோடர் அதில் அடிக்கடி மயங்கி எழும். 12 முதல் 15 வோல்ட் வரை சீராகத் தரும் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் ஒன்று கோவையில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதுவே போதும்.

செயலியை நம்பித்தான் எல்லாம் என்பது ஓர் உறுத்தல். சாதா டிசிசி டிகோடர் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் கட்டுப்படும். 1990களில் வகுத்த தரம் இன்றும் செல்லுகிறது. பத்து வருஷம் கழித்து ஒரு போன் செயலி அப்படி இருக்குமா?

பாட்டரி

வீட்டுக்குள் ஓடும் எச்ஓ இன்ஜினுக்கு இது தேவையில்லை. தோட்டத்தில் பெரிய அளவு ரயில் போட்டவருக்கு மட்டும் இதுவே முதல் தேர்வு. ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் சாரலும் மூடுபனியும் நனைக்கும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க முடியாது. மூன்று லித்தியம் செல் தொடரில் 11.1 வோல்ட், முழுதாக ஏறினால் 12.6. பாதுகாப்புச் சர்க்யூட் கட்டாயம். இன்ஜினில் இடமில்லாவிட்டால் பின்னால் வரும் பெட்டியில் வைக்கலாம். உறைபனிக் காலையில் வெளியே இருந்த பாட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

டிசிசிதான் என்று முடிவானால்

மூன்று இன்ஜினும் அதற்கு மேலும் என்றால் டிசிசிக்குப் போய்விடுங்கள். முழுக் கருவி வாங்கக் காசு இடிக்கிறவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை, அதன் மேல் செருகும் ஒரு மோட்டார் ஷீல்டு ஆர்3, ஒரு வைஃபை போர்டு. சென்னை ரிச்சி தெருவில் மூன்றும் கிடைக்கும். மென்பொருள் இலவசம், ஆண்ட்ராய்டு போனில் எஞ்சின் டிரைவர் செயலி கன்ட்ரோலர் ஆகும். ஷீல்டின் அடியில் விஐஎன் என்று எழுதிய இணைப்பை வெட்டிவிட வேண்டும். வெட்ட மறந்தால் தண்டவாளத்துக்கான வோல்டேஜ் ஆர்டுயினோவுக்கும் ஏறி அதன் ரெகுலேட்டர் சுடும். ஷீல்டின் சிப் தானே சுமார் 2 வோல்ட்டைத் தின்னுவதால், தண்டவாளத்தில் 12 முதல் 13 வேண்டுமென்றால் 15 வோல்ட் சப்ளை கொடுங்கள். ஷீல்டின் ஒரு வெளியீட்டுக்கு 2 ஆம்பியர்தான் உச்சம், மூன்று பழைய இன்ஜினுக்கு மேல் சேர்ந்து ஓட்ட எதிர்பார்க்காதீர்கள்.

முதல் இன்ஜினை வைப்பதற்கு முன் நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை 16.5 மி.மீ. தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். அதே கணத்தில் கருவி கட்டாக வேண்டும். மூலைக்கு மூலை, ஒவ்வொரு பாயின்ட்டின் (தடம் பிரியும் இடம்) அந்தப் பக்கமும் இதைச் செய்யுங்கள். ஒரே ஓர் இடத்தில் கட்டாகாமல் நாணயம் சூடேறினாலும் அங்கே மெல்லிய கம்பியோ துருப்பிடித்த இணைப்போ இருக்கிறது. தடம் புரளும் பழைய இன்ஜினின் சக்கரம் ஒருநாள் அந்த நாணயத்தின் வேலையைச் செய்யும், அப்போது உருகுவது கம்பியாகவோ டிகோடராகவோ இருக்கும்.

பெட்டியோடு வந்த பழைய எஃகுத் தண்டவாளத்தை மலையில் டிசிசிக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம், மூடுபனிக் காலம் முழுக்கத் துரு துடைப்பதே வேலையாகிவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளம் போடுங்கள். ஆனால் அதன் உயரம் கோட் 100 (கோட் என்பது தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) ஆக இருக்கட்டும். பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது, கோட் 75 தண்டவாளத்தின் பிடிப்புகளில் இடித்துக்கொண்டே போகும். சுத்தம் செய்ய உப்புத்தாள் கூடாது, கீறலில்தான் அழுக்கு குடியேறும். துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். ஏப்ரல், மே இடி மழைக்குச் சப்ளையின் பிளக்கையே உருவிவிடுங்கள்.

டிகோடர் கம்பிகள் முடிந்ததும் உடலை மூடாமல் புரோகிராமிங் தண்டவாளத்தில் வையுங்கள். அங்கே கரண்ட் குறைவாகவே போகும் என்பதால் கம்பி தவறியிருந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. முகவரியை வைத்திருக்கும் சிவி 1ஐப் படியுங்கள், புது டிகோடரில் 3 என்று வர வேண்டும். வரவில்லையா, பெரும்பாலும் சக்கர அழுக்கு அல்லது விட்டுப்போன மோட்டார் கம்பி. முகவரி எழுதிய பின் சிவி 29ஐ 2 என்று வையுங்கள். நான்கு இலக்க முகவரி என்றால் 34. இந்த இரண்டிலும் அனலாக் (பழைய டிசி) ஓட்டம் அணைந்திருக்கும். அது திறந்திருந்தால் ஷார்ட் வந்து மீளும்போது சில இன்ஜின்கள் தலைதெறிக்க ஓடும். தொடக்க வோல்டேஜ் சிவி 2, முடுக்கம் சிவி 3, தளர்ச்சி சிவி 4. மூன்று துருவப் பழைய மோட்டார் மெதுவேகத்தில் உலுக்கினால், இஎஸ்யு டிகோடரில் சிவி 54ஐ 0 ஆக்கி எஃப்1 பொத்தானை அழுத்துங்கள், அது மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும். அளக்கும்போது இன்ஜின் ஒரு விநாடி முழு வேகத்தில் பாயும். முன்னால் ஒன்றரை மீட்டர் நேர்ப்பாதையும், மேசை விளிம்பில் ஒரு கையும் இருக்கட்டும்.